வீட்டிலும் சபையிலும் ஒதுக்கப்பட்டவர் ஆறுதலை எங்கே தேடுவது?

வீட்டாரும் சபையாரும் ஒதுக்கிவிட்டது போல இருக்கிறது, விசுவாசத்தில் இதற்கு ஆறுதல் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். "இன்னும் கொஞ்சம் ஜெபியுங்கள்" என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனமில்லை, ஏற்கெனவே நொந்தவரிடம் அது குற்றம் சாட்டுவது போலவே கேட்கும்.

பைபிளில் மாற்கு சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். 12 வருடம் உதிரப்போக்கால் கஷ்டப்பட்ட பெண். யூதச் சட்டங்கள் உள்ள லேவியராகமம் 15-ஆம் அதிகாரத்தின்படி அவள் தீட்டு, அவள் உட்கார்ந்த இடமும் தீட்டு, அதாவது நோயைவிட ஒதுக்கிவைப்புதான் பெரிய பாரம். இயேசுவின் பின்னால் வந்து அவர் வஸ்திரத்தைத் தொட்டதுமே நோய் போய்விட்டது. சரி, அதோடு விட்டிருக்கலாமே? இயேசு நின்று, யார் தொட்டது என்று கேட்டு, அவள் முழுக் கதையையும் சொல்லும்வரை காத்திருக்கிறார், ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் மகள் சாகக்கிடக்க, அவளைக் குணமாக்கப் போய்க்கொண்டிருந்த அவசரத்திலும். பிறகு கூட்டத்தின் முன்னாலேயே "மகளே" என்று கூப்பிடுகிறார். சுவிசேஷங்களில் வேறெந்தப் பெண்ணையும் அவர் அப்படி அழைத்ததில்லை. உடம்பு சுகமானது ஒன்று, உறவு திரும்பக் கிடைத்தது இன்னொன்று.

அதனால் நீங்களும் முழுக் கதையையும் யாராவது ஒருவரிடம் சொல்லுங்கள், பெரிய ஆராதனையைவிட நாலு பேர் கூடும் வீட்டு ஜெபக்கூட்டம் இதற்கு வசதி. தூக்கம், சாப்பாடு கெட்டிருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள், அது அவிசுவாசம் ஆகாது. ஜெபிக்க வார்த்தை வராத நாளில் 88-ஆம் சங்கீதம் போதும், அது கடைசிவரை இருட்டிலேயே நின்றுவிடுகிறது, ஆனாலும் வேதத்தில் அதற்கு இடம் இருக்கிறது.