அச்சகத்துக்கு ஆன்லைன் ஆர்டர் மென்பொருள்: முகப்பைப் பார்க்காதீர்கள், பி.டி.எஃப். கேளுங்கள்

கேள்வி: சிவகாசியில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். ஒரு மினி ஆப்செட், ஒரு டிஜிட்டல் மெஷின், ஆறு பேர் வேலை. விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, தினசரி காலண்டரில் கடைப்பெயர் அடித்துத் தருவது, இவைதான் தொழில். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் குவிகிறது. எது கடைசித் திருத்தம் என்றே தெரிவதில்லை. வாடிக்கையாளரே இணையத்தில் டிசைனைத் தேர்ந்தெடுத்து, மேட்டரைத் தட்டச்சு செய்து, பணமும் கட்டிவிடும் மென்பொருள் வாங்கலாம் என்றிருக்கிறேன். ஒரு நிறுவனம் மாதம் 7,000 ரூபாய் வாடகை கேட்கிறது. இன்னொன்று ஒரே தடவையாக 2.5 லட்சம் என்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: விலையைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். இரண்டு பேரும் உங்களுக்குக் காட்டியிருப்பது கடையின் முகப்பு. அது எல்லோரிடமும் அழகாகத்தான் இருக்கும். வாடிக்கையாளர் பணம் கட்டி முடித்ததும் அச்சுத் தகடு போடும் உங்கள் பிளேட் அறைக்கு என்ன கோப்பு வந்து சேருகிறது? நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்தக் கோப்பைத்தான். அதனால் போன வருஷம் நீங்கள் அடித்த மூன்று வேலைகளை எடுத்துக்கொண்டு போங்கள்: ஒரு விசிட்டிங் கார்டு, ஒரு காலண்டர், ஒரு தமிழ்க் கல்யாணப் பத்திரிகை. உங்கள் கண் முன்னால் அவர்களை ஆர்டர் போடச் சொல்லி, கடைசியில் வரும் பி.டி.எஃப். கோப்பைப் பென்டிரைவில் வாங்கி வந்து உங்கள் மெஷினிலேயே அடித்துப் பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் முகூர்த்த சீசன் நடுவில் இப்படி ஒரு பத்திரிகை வந்தது. திரையில் மணமகள் பெயர் ‘கோமதி’ என்று சுத்தமாக இருந்தது. அச்சுக்கு வந்த கோப்பில் இரட்டைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்த் துணைக்காலோடு ஒட்டிக்கொண்டது. மேலே ‘ஸ்ரீ’ இருக்க வேண்டிய இடத்தில் ஸ், ர, சுழி என்று மூன்று துண்டு. 500 பத்திரிகை அடித்து முடித்த பிறகுதான் பெண்ணின் அப்பா பார்த்தார். அவர் முகத்தை நான் மறக்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்றால், திரையில் தமிழைக் கோத்துக் காட்டுவது உலாவியின் வேலை. பி.டி.எஃப். தயாரிப்பது பெரும்பாலும் சர்வரில் இருக்கும் வேறொரு நிரல். அதற்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாவிட்டால் ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். ஆங்கிலத்தில் டெமோ காட்டினால் இந்தக் குறை வெளியே வராது. எனவே கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ எல்லாம் வரும் மேட்டரை நீங்களே எழுதிக் கொண்டு போங்கள்.

அடுத்தது உங்கள் பழைய டிசைன்கள். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் செய்தவை நிறைய இருக்கும். வாடிக்கையாளர் கைபேசியில் தட்டுவது யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. பழைய எழுத்துருக்களோடு அது ஒத்துப்போகாது. தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. அச்சகங்களில்தான் பழசு இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு டிசைனையும் யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றி, எந்த இடத்தில் எத்தனை வரி போகலாம் என்று கட்டி வைக்க வேண்டும். அது கணினியில் பக்கம் அமைக்கும் உங்கள் டிடிபி ஆளுக்கு வாரக்கணக்கில் வேலை. அந்தச் சம்பளத்தையும் மென்பொருளின் விலையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கோப்பில் இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் ஓரம்) வருகிறதா, கட்டிங் மார்க் இருக்கிறதா, நிறம் சி.எம்.ஒய்.கே.யில் (அச்சின் நான்கு மை நிறங்களில்) இருக்கிறதா என்று. அப்புறம் படங்கள். 4 அங்குல அகலத்தில் ஒரு படத்தை 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அடிக்க 1,200 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் நாலு கை மாறிய படத்தில் அது பல நேரம் இருக்காது. படம் ஏற்றும்போதே மென்பொருள் எச்சரிக்க வேண்டும். பிளேட் போட்ட பிறகு தெரிந்து பயனில்லை.

காலண்டருக்கு எனக்கு வேறு யோசனை. ஆல்பம் நம்பர் (மாதிரி ஆல்பத்தில் அந்தக் காலண்டரின் எண்), எண்ணிக்கை, கடைப்பெயர், முகவரி, லோகோ, இவ்வளவுதான் உங்களுக்கு வேண்டும். வாடிக்கையாளர் திரையில் எழுத்தை இழுத்து நகர்த்தும் வசதி இதற்குத் தேவையே இல்லை. இணையதளம் அமைக்கும் வேர்டுபிரஸ்ஸும் அதில் கடை வைக்கும் வூகாமர்ஸும் இலவசம். அதில் ஒரு படிவம் போட்டு, அச்சுக்கு முன் சரிபார்க்கும் புரூஃபை உங்கள் ஆள் செய்து அனுப்பினால் போதும். ஆனால் ஒவ்வொரு நம்பரிலும் எத்தனை காலண்டர் கையில் மீதி என்ற கணக்கு தானாகக் குறைய வேண்டும். தீர்ந்துபோன நம்பருக்குப் பணம் வாங்கிவிட்டால் மார்கழியில் போனை எடுக்க முடியாது. ஆடி 18-க்கு ஆல்பம் வெளியானதும் வேலை சூடு பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். எதைத் தொடங்கினாலும் பங்குனி, சித்திரைக்குள் தொடங்கிப் பழகிவிடுங்கள்.

ஜி.எஸ்.டி.யையும் கேளுங்கள். வரி வகைப்பாட்டில் காலண்டர் 4910 என்ற எண்ணில் வரும் பொருள். வாடிக்கையாளர் மேட்டர் தர, உங்கள் தாளில் அடித்துக் கொடுக்கும் நோட்டீஸும் புரோஷரும் 9989-ல் அச்சுச் சேவை என்று 2017 அக்டோபரில் வந்த சுற்றறிக்கை சொல்கிறது. ஆகவே பொருளுக்குப் பொருள் வேறு எண், வேறு விகிதம் போட வழி இருக்க வேண்டும். கடை முழுக்க ஒரே வரி என்றால் உங்கள் ஆடிட்டர் சிரமப்படுவார்.

இப்போது விலை. மாதம் 7,000 என்றால் 36 மாதத்தில் 2,52,000. மூன்று வருஷத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. ஆனால் 2.5 லட்சத்துக்கு மேல் சர்வர் வாடகை, பராமரிப்பு என்று தனியாக வரும். ஆறு பேர் இருக்கும் அச்சகத்துக்கு என் சிபாரிசு மாத வாடகைதான், அதுவும் முதல் வருஷத்துக்கு முன்பணம் கட்டாமல். எப்படி வாங்கினாலும் டொமைன் (தளத்தின் இணைய முகவரி) உங்கள் பெயரில் இருக்க வேண்டும். விலகும்போது டிசைன்களும் வாடிக்கையாளர் பட்டியலும் உங்கள் கைக்கு வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிகத்துக்காக வாங்குபவரை ‘நுகர்வோர்’ என்று கொள்வதில்லை. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. ஆறு பேரை வைத்து நடத்தும் உங்களுக்கு அது கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். பிரச்சினை வந்தால் உங்களைக் காப்பது அந்த ஒப்பந்தத் தாள்தான்.

கேள்வி: இணையத்தில் ஆர்டர் எடுக்கத் தொடங்கி நாலு மாதம் ஆகிறது. புரூஃபைப் பார்த்துச் சரி சொன்னவரே, அச்சானதும் ‘போன் நம்பர் தப்பு’ என்று பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். என்ன செய்வது? (கோவை வாசகி)

பதில்: அவர் சரி சொன்ன அதே புரூஃப், தேதி, நேரம் மூன்றும் மென்பொருளில் பதிவாகியிருந்தால் உங்கள் பக்கம் பலம். அவர் தட்டியது வேறு, அச்சில் வந்தது வேறு என்றால் மறுபேச்சில்லாமல் திரும்ப அடித்துக் கொடுங்கள். சரி சொல்லும் பொத்தானுக்கு முன்னால் பெயர், தேதி, போன் நம்பர் மூன்றையும் பெரிய எழுத்தில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்; பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும். இன்னொன்று: 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு. சிறிய கடையில் அந்த அதிகாரி நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

கேள்வி: தேர்தல் நோட்டீஸையும் இணையத்தில் ஆர்டர் எடுக்கலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: தானாக ஓடும் ஆர்டராக எடுக்காதீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ-படி, வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை நேரில் தெரிந்த இரண்டு பேர் சான்று இட்ட உறுதிமொழி இரண்டு பிரதி உங்கள் கைக்கு வந்த பிறகுதான் அச்சிட வேண்டும். அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் நோட்டீஸில் இருக்க வேண்டும். அடித்ததும் உறுதிமொழியின் ஒரு பிரதியோடு நோட்டீஸ் ஒன்றை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். சென்னையில் என்றால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தளத்தில் அந்த வகைக்கு ‘நேரில் வரவும்’ என்று போட்டுவிடுங்கள்.