மாவு அரைப்பதில் என்ன ஆராய்ச்சி?

திருமங்கலத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

"நான் தினமும் செய்யுற வேலையைப் படிக்க டாக்டர் பட்டமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.ஏ. சமூகவியல் முடித்த மகள், வீட்டுப் பழக்கங்களும் நீடித்த நுகர்வும் (சுற்றுச்சூழல் கெடாதபடி பொருள்களைப் பயன்படுத்துவது) என்ற தலைப்பில் பிஎச்.டி. சேரப் போகிறாளாம்.

உங்கள் வீட்டு இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். உங்கள் அம்மா ஆட்டுக்கல்லில் அரைத்திருப்பார். அப்புறம் கிரைண்டர், 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லாத் திட்டத்தால் அது இல்லாத வீடுகளுக்கும் போனது. பிரிட்ஜ் வந்ததும் ஒரு நாள் மாவு நாலு நாள் மாவானது. இப்போது தெருமுனையில் பாக்கெட் மாவு. கரண்ட், தண்ணீர், பிளாஸ்டிக் கவர், பெண்களின் நேரம் எல்லாமே இதற்குள் கிடக்கின்றன. மஞ்சப்பை கொண்டு போங்கள் என்று 2021-லிருந்து அரசு சொல்கிறது. ஆனால் வேலை முடிந்து மாட்டுத்தாவணியில் இரவு எட்டு மணிக்கு பஸ் இறங்கி மாவு வாங்குகிறவர் கையில் தூக்குவாளி எப்படி இருக்கும்? இப்படி அன்றாடத்தை ஆராய்வதற்குச் சமூகவியலில் தனிக் கிளையே உண்டு. இங்கிலாந்தின் சமூகவியலாளர் எலிசபெத் ஷோவ் குளியலையும் துணி துவைப்பதையும் ஆராய்ந்தவர்தான்.

தலைப்பு நல்லது, அகலம்தான் அதிகம். ஒரே ஒரு பழக்கம், மதுரைக்குள் ஒரு தெரு, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊர் போதும்.

என் கவலை பணத்தைப் பற்றி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பெண்களுக்கு வயது வரம்பு 35. உதவித்தொகை இல்லாமல் சேர்ந்துவிட்டு, கௌரவ விரிவுரையாளர் வேலைக்கும் ஆய்வுக்கும் நடுவே அல்லாடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இன்னும் ஒரு தடவை தேர்வு எழுதட்டும். ஆறு மாதம் போனால் போகிறது.

அடுத்து கைடு, அதாவது ஆய்வை வழிநடத்தும் ஆசிரியர். காமராசர் பல்கலைக்கழகமோ காந்திகிராமமோ, கட்டடத்தைப் பார்த்துச் சேர வேண்டாம். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியருக்கு 8 ஆய்வு மாணவர்கள், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. இடம் காலியா என்று முதலில் கேட்க வேண்டும். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. சேர நினைக்கும் கைடிடம் இப்போது படிக்கும் பிள்ளைகளிடம், "திருத்தித் தர எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கல்யாணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். படிப்புக்குக் காலம் குறைந்தது 3, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு தரலாம். மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை உண்டு. படிப்பு கல்யாணத்துக்குத் தடையில்லை.

அரசுக் கல்லூரி வேலை உடனே கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அறிவிப்பு வருவதே அபூர்வம். கள ஆய்வும் புள்ளிவிவரமும் கைவந்தால் தொண்டு நிறுவனங்களிலும் நுகர்வோர் ஆய்வு நிறுவனங்களிலும் இடம் உண்டு. அதனால் முதல் ஆண்டிலேயே புள்ளியியலைப் படிக்கச் சொல்லுங்கள். கணக்கு வராது என்று தள்ளிப்போட வேண்டாம்.