ஆகஸ்ட்ல கோஷியன்ல டைகர்ஸ் மேட்ச் பாக்க முடியுமா?

சகோ, ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் ஒசாகா போறீங்க, ஆனா ஒசாகா பக்கத்துல இருக்கற கோஷியன் ஸ்டேடியத்துல, அத சொந்த மைதானமா வச்சிருக்கற பேஸ்பால் டீம் ஹான்ஷின் டைகர்ஸோட மேட்ச் எதுவுமே சைட்ல காட்டலன்னு கேட்டிருக்கீங்க. சைட்ல தப்பு இல்ல, அந்த டைம்ல கோஷியன ஹைஸ்கூல் பசங்களோட தேசிய பேஸ்பால் டோர்னமெண்டுக்கு விட்டுக் கொடுத்துடுவாங்க, டைகர்ஸ் வெளியூர் போயிடும், இல்லன்னா ஒசாகாவுல இருக்கற கூரை போட்ட ஸ்டேடியம் கியோசெரா டோம்ல ஆடும். டோம்னா ஒசாகாவோட நம்பா ஸ்டேஷன்ல இருந்து ஹான்ஷின் ரயில் ஏறி டோம்-மேயில இறங்குங்க, கூரை இருக்கறதால மழை வந்தாலும் கவலை இல்ல.

ஆனா என்னைக் கேட்டா ஹைஸ்கூல் மேட்சையே பாருங்க. 49 டீம், ஒரு தடவ தோத்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான், தோத்த பசங்க அழுதுகிட்டே மைதானத்து கறுப்பு மண்ண கையால அள்ளி பைல போட்டுப்பாங்க, அத நேர்ல பாத்தா பேஸ்பால் ரூல் ஒண்ணும் தெரியாதவங்களுக்கும் தொண்டை அடைச்சுக்கும். 1924ல கட்டின ஸ்டேடியம் வேற. ஒசாகாவோட உமேதா ஸ்டேஷன்ல இருந்து கோஷியனுக்கு எக்ஸ்பிரஸ்ல கால் மணி நேரம்தான்.

குழந்தை வர்றதால கோஷியன்ல இன்ஃபீல்டு சீட் (பேட் பண்ற இடத்துக்குப் பக்கத்துல இருக்கற சீட்) எடுங்க, அங்க மேல கூரை உண்டு, அவுட்ஃபீல்டுல (மைதானத்தோட தூர ஓரத்து சீட்) ஆகஸ்ட் வெயில் மண்டையப் பொளக்கும். டிக்கெட்ட முன்னாடியே ஆன்லைன்ல போட்டுடுங்க.

டோம் போனீங்கன்னா ரைட் ஃபீல்டு பக்கம் (பேட் பண்ற இடத்துல இருந்து பாத்தா வலது பக்கத் தூர ஓரம்) முழுக்க டைகர்ஸ் கூட்டம், எதிர் டீம் ஜெர்சியோட மட்டும் அங்க உக்காராதீங்க. விசில் சத்தம் கேட்டா ஃபவுல் பால் (கோட்டுக்கு வெளிய அடிச்ச பந்து) உங்க பக்கம் வருதுன்னு அர்த்தம், உடனே நிமிந்து பாருங்க, குழந்தைய கூட்டிட்டு போறப்ப இது ரொம்ப முக்கியம்.