சளி மருந்தால் அப்பாவின் நடுக்கம் நிற்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, பார்க்கின்சன் நோய்க்கு சிண்டோபா சாப்பிடுகிறார். அம்ப்ராக்ஸால் என்ற சளி மருந்து இந்த நோயைக் குணமாக்குவதாக வாட்ஸ்அப்பில் வந்தது. லண்டன் ஆய்வில் சேர்த்துவிடுவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கடையில் மலிவாகக் கிடைக்கும் மருந்துதானே, நாமே கொடுத்துப் பார்க்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கொடுக்காதீர்கள். பணமும் கட்டாதீர்கள்.

செய்தியில் பாதி உண்மை. லண்டன் பேராசிரியர் ஆன்டனி ஷாபிராவின் குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வில் 17 நோயாளிகள் இந்த மருந்தைச் சாப்பிட்டார்கள். மருந்து மூளையைச் சுற்றியுள்ள நீர் வரை போகிறது, உடம்பும் தாங்குகிறது என்று தெரிந்தது. அவ்வளவுதான். மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. அந்த ஒப்பீட்டோடு, 330 பேரை வைத்து இரண்டு வருடம் நடத்தும் பெரிய ஆய்வு பிரிட்டனில் இப்போதுதான் நடக்கிறது. காப்புரிமை முடிந்த மருந்துக்கு எந்தக் கம்பெனி காசு இறைக்கும்? அறக்கட்டளைகள் திரட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, வருடங்கள் ஓடுகின்றன. நோயாளிக்கு வயது நிற்குமா?

அவசரப்பட்டாலும் ஆபத்துதான். எக்ஸெனடைட் என்ற சர்க்கரை நோய் ஊசி 2017-ல் சுமார் 60 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வில் நல்ல பலன் காட்டியது. 194 பேரை வைத்து 96 வாரம் நடத்திய ஆய்வில் 2025-ல் வெளிவந்த முடிவு: பலன் இல்லை.

இனி உங்கள் கடைச் சமாசாரம். 17 பேருக்குப் படிப்படியாக ஏற்றிக் கொடுத்த அளவு நாளொன்றுக்கு 1,260 மில்லிகிராம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 30 மில்லிகிராம் மாத்திரை. ஒரு நாளைக்கு 42 மாத்திரை விழுங்க வைப்பீர்களா? சிரப் இன்னும் மோசம். பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பல சிரப்புகளில் அம்ப்ராக்ஸாலோடு மூச்சுக் குழாயை விரிக்கும் டெர்பியூட்டலின் அல்லது சால்பியூட்டமால் கலந்திருக்கும். இரண்டுமே கையை நடுங்க வைக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும். நடுக்கத்தை நிறுத்தப் போய் நடுக்கத்தையே ஊற்றிக் கொடுப்பீர்கள்.

‘ஜிபிஏ1 மரபணு மாற்றம் இருந்தால்?’ என்று அடுத்து கேட்பீர்கள். பார்க்கின்சன் நோயாளிகள் சிலரிடம் காணப்படும் அந்த மாற்றம் இருந்தால் மூளை செல்லின் கழிவை உடைக்கும் ஒரு நொதி குறையும். அந்த நொதியைக் கூட்டுவதுதான் அம்ப்ராக்ஸாலிடம் எதிர்பார்க்கும் வேலை. ஆகவே அப்பாவுக்கு அந்த மாற்றம் இருந்தால் ஆய்வுகளில் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடலாம். ஆனால் மாற்றம் இருக்கிறது என்பதற்காக நாளைக்கே மருந்தை ஆரம்பிக்க முடியாது. அவர்களுக்கும் பலன் இன்னும் நிரூபணமாகவில்லை. 17 பேரில் மாற்றம் உள்ளவர்களும் இருந்தார்கள், இல்லாதவர்களும் இருந்தார்கள். ‘மரபணு டெஸ்ட், அப்புறம் மருந்து’ என்று பேக்கேஜ் விற்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த போன் வராது.

பிரிட்டன் ஆய்வு அங்குள்ள மருத்துவமனைகளுக்கு நேரில் போய்வருபவர்களுக்கானது. திண்டுக்கல்லில் ஏஜென்ட் வைத்து ஆள் சேர்ப்பதில்லை. இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வு எதுவானாலும் சிடிஆர்ஐ (CTRI) என்ற அரசு மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தத் தளம் ஆங்கிலம், அதுவும் அரசாங்க ஆங்கிலம். சாமானியர் எப்படித் தேடுவார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பணம் கேட்பவரிடம் ஆய்வின் பதிவு எண்ணை வாங்கி உங்கள் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. கேட்டாலே அது மோசடி.

சிண்டோபாவை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். முன்பணம் ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930-க்கு இன்றைக்கே போன் செய்யுங்கள்.