வாசகர் கேள்வி – பதில்: அம்பு உதிர்ந்த பேனா

கேள்வி: தலைமை ஆசிரியராக இருந்த என் தந்தையார் கடைசிவரை பயன்படுத்திய பார்க்கர் 61 பேனாவில், நிப்பை மூடியிருக்கும் முகப்பில் பதித்த தங்கநிற அம்பு கழன்றுவிட்டது. பழுது பார்ப்பவர் ஒருவர் நொடியில் ஒட்டும் பசையை வைத்துக் கொடுத்தார். ஒரு மாதத்தில் அம்பு மறுபடியும் உதிர்ந்ததோடு, அந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தும் விட்டது. சரிசெய்ய வழி உண்டா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: உண்டு. அம்பைத் தொலைக்காமல் வைத்திருக்கிறீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. 1956இல் வெளிவந்த இந்தப் பேனாவில் அடிக்கடி நேரும் பழுது இது. உங்கள் தந்தையார் அதைச் சரியாகப் பேணவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். முகப்பின் பிளாஸ்டிக்கில் ஆழமில்லாத பள்ளம் ஒன்றில் மெல்லிய உலோகத் தகடாக அந்த அம்பு அமர்ந்திருக்கிறது. சூடுபட்டால் பிளாஸ்டிக், உலோகத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் விரியும் என்பதால், சித்திரை வெயிலில் சட்டைப்பையிலும் இரவில் மேசையிலுமாக ஆண்டுக்கணக்கில் விரிந்து சுருங்கிய பள்ளத்தில் பிடிமானம் தளர்ந்துவிடுகிறது.

வெளுத்திருப்பது பசையிலிருந்து எழுந்த ஆவி படிந்ததால்தான். நகப்பூச்சை நீக்கும் திரவத்தால் மட்டும் துடைத்துவிடாதீர்கள்; அது பசையோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைத்துவிடும். பிளாஸ்டிக்குக்கான மிக நயமான மெருகுப் பசையை மென்மையான பருத்தித் துணியில் தொட்டு, பொறுமையாகத் தேய்த்தாலே வெண்மை பெரும்பாலும் நீங்கிவிடும். பள்ளத்துக்குள் இறுகிய பசையைச் சுரண்ட ஊசியோ பிளேடோ வேண்டாம். ஈர்க்குச்சியின் நுனியை உளிபோலச் சரிவாகச் சீவி, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தெடுங்கள். இந்த வேலைக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் தேவைப்படும். அவசரப்பட்டால் பள்ளத்தின் விளிம்பு சிதையும், அதன்பின் எவ்வளவு கைதேர்ந்தவர் பதித்தாலும் அம்பு மட்டமாக உட்காராது.

மறுபடி ஒட்டுவதற்கு நான் நம்புவது அரக்கைத்தான். தச்சர்கள் மெருகேற்ற வாங்கும் செதில் அரக்கைச் சிறிது ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் தேன் பதத்துக்குக் கொண்டுவந்து, அம்பின் அடிப்பக்கத்தில் மட்டும் மெல்லத் தடவுங்கள். ஸ்பிரிட் பெரும்பாலும் ஆவியாகி, விரல் நுனியில் பிசுபிசுவென்று ஒட்டும் நிலை வந்தபிறகே பள்ளத்தில் வைத்து, நூலால் சுற்றிக் கட்டி, இரண்டு நாள் நிழலில் விட்டுவிடுங்கள். ஈரமான ஸ்பிரிட் பிளாஸ்டிக்கில் தங்கினால் நுண்ணிய கீறல்கள் விழக்கூடும் என்பதாலேயே இந்தக் காத்திருப்பு. அரக்கின் பிடி முரட்டுத்தனமானதன்று. நாளை வேறொருவர் பிரிக்க நேர்ந்தாலும் பேனாவுக்குச் சேதமில்லாமல் விட்டுக்கொடுக்கும். பழைய பொருளில் கைவைப்பவர் எல்லாரும் இந்த ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அம்பைத் தொலைத்துவிட்டவர்களும் எழுதியிருக்கிறார்கள். பள்ளத்தின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் இலேசாகத் தேய்த்தால் அம்பின் வடிவம் அப்படியே பதியும். அந்தத் தாளோடும் பேனாவோடும் மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் பொடி வேலை செய்யும் நகைப் பத்தர் ஒருவரிடம் போனால், மெல்லிய தகட்டில் வெட்டி, முகப்பின் வளைவுக்கு ஏற்ப உருளையில் வளைத்து, முலாம் பூசித் தருவார். பற்றவைப்பு எதையும் பேனாவின்மேல் வைத்துச் செய்ய விடாதீர்கள்.

கேள்வி: தாத்தாவின் பழைய பேனா மூடியிலுள்ள வளையம் சுழல்கிறது, இடுக்கியால் இறுக்கலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: கூடாது. மூடியை விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. அதிலுள்ள கற்பூரம் ஆண்டாண்டாக வெளியேறுவதால் மூடி சுருங்கிவிட்டது, வளையம் பெரிதாகவில்லை. இறுக்கினால் மூடியின் விளிம்பு விரிசல் காணும். வளையத்தின் அடியில் அரக்கை மெல்லிய கோடாக இட்டு நிரப்பினாலே போதும். அரக்கை இளக்குவதாக எண்ணி மெழுகுவத்தி அருகில் மட்டும் கொண்டுபோகாதீர்கள். செல்லுலாய்டு குபீரென்று தீப்பிடிக்கும்.

கேள்வி: கிளிப்பில் தங்க நிறம் மங்கிவிட்டது. எப்படித் துலக்குவது?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: குத்துவிளக்குக்குப் போடும் புளியும் சாம்பலும் இதற்கு ஆகாது. கிளிப்பில் 1/10, 12 காரட் என்பது போன்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உலோகத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு 12 காரட் தங்கம் என்பது அதன் பொருள். அது முலாமைவிடப் பன்மடங்கு தடித்த தகடு, பெரும்பாலும் அழுக்குதான் மறைத்திருக்கும். சோப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். அடியிலுள்ள பித்தளை ஏற்கெனவே தெரிந்தால் தேய்ப்பதை அத்தோடு நிறுத்திவிடுங்கள். முலாம் பூசியே ஆகவேண்டுமென்றால், கிளிப்பை மூடியிலிருந்து கழற்றித் தனியாகக் கொடுங்கள்.