கணவர் அரசு ஆசிரியர் என்றால் மனைவியின் வேட்புமனு தள்ளுபடி ஆகுமா?

ஆகாதுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நீங்கள் நிற்க, வீட்டுக்காரர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருப்பது தடையே இல்லை. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், அரசு வேலையில் இருப்பவர் தாமே நிற்பதைத்தான் தடுக்கிறது.

மனு தள்ளுபடி ஆகிவிடும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள்; அவர் இதை ஒப்பந்த விதியோடு போட்டுக் குழப்பியிருப்பார். அந்த ஊராட்சியின் சாக்கடை வேலையோ தெருவிளக்கு வேலையோ உங்கள் பெயரில் ஒப்பந்தமாக ஓடிக்கொண்டிருந்தால், அதுதான் சிக்கல்.

ஒன்றை மட்டும் பாருங்கள்: அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? பள்ளிக்கல்வித் துறை என்றால் சரி. ஆசிரியராக இல்லாமல் அதே ஊராட்சியின் செயலராக இருந்தால் கதை வேறு. அவர் எழுதும் கணக்கில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிவரும். அப்படியானால் ஜெயித்த கையோடு ஒன்றிய அலுவலகத்தில் அவருக்கு இடமாறுதல் கேட்பது நல்லது.

அப்புறம், ஆபத்து உங்களுக்கு இல்லை, அவருக்குத்தான். 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி அரசு ஊழியர் ஓட்டுக் கேட்கக் கூடாது. வண்டியில் உங்களோடு நோட்டீஸ் கொடுக்கப் போன ஒரு போட்டோ போதும், மெமோ வீடு தேடி வந்துவிடும். ஜெயித்த பிறகும் தலைவர் நாற்காலியில் அவர் உட்கார வேண்டாம். நம்ம பக்கம் அது ரொம்பச் சகஜம், தெரியும்தானே.