பாதி வழியில் அடங்கிவிடும் படபடப்பு

அன்புள்ள ஐயா,

வயது 36. திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். ஆறேழு மாதமாக, வண்டி ஊரைத் தாண்டியதும் நெஞ்சு படபடக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. ஐந்து நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் கேஸ் டிரபிள் என்றார். பேனிக் அட்டாக், அதாவது திடீர் பீதி என்கிறாள் தோழி. ஆனால் நான் அழுவதில்லை, மயங்கி விழுவதில்லை, பக்கத்து சீட்காரருக்குக்கூடத் தெரியாது. இதற்குப் போய் அவ்வளவு பெரிய பேரா? வீட்டில் "சும்மா நீயே நெனச்சுக்கிற" என்கிறார்கள். இப்போதெல்லாம் முன் சீட் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுவிடுகிறேன்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் மருத்துவன் அல்ல, இதை அனுபவித்தவன். அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இதற்கு 13 அறிகுறிகள் இருக்கின்றன. திடீரென்று கிளம்பி, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும்போது அவற்றில் குறைந்தது நான்கு இருந்தால் பேனிக் அட்டாக். அதற்குக் குறைந்தால் 'குறைந்த அறிகுறி' வகை. நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு. நான்கு என்பது வகைப்படுத்துவதற்காக வைத்த கோடு. உடம்பு விரல்விட்டு எண்ணிக்கொண்டா பதறுகிறது?

'சும்மா' என்பதும் தப்பு. பயத்தில் நமக்கே தெரியாமல் மூச்சு வேகமாகிறது. ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் விரல் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும். மரத்த விரலைப் பார்த்து "ஏதோ ஆகப்போகிறது" என்று நினைத்தால் பயம் ஏறும், மூச்சு இன்னும் வேகமாகும். டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இல் இந்தச் சுழலைத்தான் விளக்கினார். மயங்காததும் ஆச்சரியமில்லை. மயக்கத்துக்கு ரத்த அழுத்தம் சரிய வேண்டும். இதில் பெரும்பாலும் ஏறத்தான் செய்கிறது.

படபடப்பைவிட அந்த முன் சீட்தான் எனக்குக் கவலை. எனக்கு அது தண்ணீர் பாட்டிலாக இருந்தது. குடிக்க மாட்டேன், கையில் இருந்தால் போதும். அப்புறம் எந்தக் கூட்டத்திலும் வாசலோரத்து நாற்காலி. கடைசியில் நெருங்கிய நண்பரின் புத்தக வெளியீட்டை அரங்குக்கு வெளியே, செருப்புகளுக்கு நடுவில் நின்று கேட்டேன். அத்தனைக்கும் எனக்கு வந்ததும் உங்களுக்கு வருகிற அதே ஐந்து நிமிடச் சரக்குதான். ஒவ்வொரு முறையும் "வாசலோரம் உட்கார்ந்ததால் தப்பித்தேன்" என்று மனசு கணக்கு எழுதிக்கொள்ளும். உட்காராவிட்டாலும் அடங்கியிருக்கும் என்று அதற்குத் தெரிய வாய்ப்பே கொடுக்கவில்லை.

பிறகு பார்த்த உளவியல் ஆலோசகர், ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார். சிரிப்பு வந்தது. நாற்பதாவது நொடியில் விரல் மரத்தது, கூட்டத்தில் மரத்த அதே மாதிரி. பயமே இல்லாத அறையில், மின்விசிறிக்குக் கீழே. ஆயிரம் விளக்கம் செய்யாததை அது செய்தது. நீங்களாக வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், ஆலோசகரின் துணையோடு செய்யுங்கள்.

தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். இரண்டும் படபடப்பைத் தரும். பஸ்ஸுக்கு முன் குடிக்கும் காபியையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ மயங்கி விழுந்தாலோ பழைய ஈசிஜியை நம்பி இருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால், 14416 அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், தமிழிலும் பேசலாம்.

நாளைக்கே கடைசி வரிசைக்குப் போக வேண்டாம். மூன்றாவது வரிசை காலியாக இருந்தால் ஏறிக்கொள்ளுங்கள். வல்லம் தாண்டும்போது எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.